மீனுக்கு ஒரு கேஸ் கனெக்‌ஷன்

எங்கள் வீட்டில் இரண்டு சிலிண்டர்கள். சிவப்பு சமையலறையில் இருக்கிறது. அதன் வேலை எல்லோருக்கும் தெரியும். கறுப்பு கூடத்தில், மீன்தொட்டி ஸ்டாண்டுக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் கண்ணில் அது பட்டுவிட்டால் அம்மா முந்திக்கொண்டு, "அது மீனுக்கு" என்பாள். மேற்கொண்டு விளக்கம் கிடையாது. ஒருவர் "மீன் வறுக்கவா?" என்றார். கீழ்வீட்டு மாமி "சப்சிடி வருதா?" என்று கேட்டார். சமையல் சிலிண்டர் போட வந்த தம்பி மட்டும் தொழில்முறையில் குனிந்து பார்த்தான். ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர் இருந்ததைக் கண்டு, "இது எந்த ஏஜென்சி சார்?" என்று கவலையோடு விசாரித்தான்.

உண்மையில் அந்த கேஸ் மீனுக்கு இல்லை. மீனுக்கு அதனால் ஒரு பைசா லாபம் கிடையாது. உள்ளே இருப்பது கரியமில வாயு. அது செடிகளுக்கு. காற்றிலிருந்து தண்ணீருக்குள் தானாக இறங்கும் கரியமில வாயு ரொம்பக் கொஞ்சம். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் இருந்தாலே அதிகம். மேலே பளிச்சென்று எல்.இ.டி. விளக்கு, அடியில் உரமண் என்று ராஜோபசாரம் செய்துவிட்டு கார்பனை மட்டும் கொடுக்காவிட்டால் செடி எதை வைத்து உடம்பு வளர்க்கும்? அதனால் சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து, டிஃப்யூசர் வழியாகப் பொடிக் குமிழிகளாக விட்டு, லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறோம். இயற்கையாக இருப்பதைப் போலப் பத்து மடங்கு. மீனும் அந்தத் தண்ணீரில்தான் மூச்சுவிட்டாக வேண்டும். அதன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு செலவு செய்து வளர்ப்பது என்ன செடி என்பது மன்னார்குடியிலிருந்து சித்தப்பா வந்த அன்றைக்குத்தான் விளங்கியது. தொட்டி முன்னால் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ஆரை. அது நீர்ப்பிரமி. இந்தச் செவப்பா நிக்கிறது பேரு தெரியாது. இதும் பங்காளிங்க நம்ம வயல்ல கெடக்கும்."

"ரோட்டாலா, சித்தப்பா."

"என்ன லாவோ. இதப் புடுங்கறதுக்கு நான் ஆள்கூலி குடுக்கறேன். நீ கேஸ் குடுத்து வளக்கிறியா?"

பதில் சொல்ல முடியவில்லை. ரோட்டாலா இண்டிகா நெல்வயல் களைகளின் பட்டியலில் உண்டு. எங்கள் தொட்டியில் இருக்கும் சிவப்புக்காரி ரோட்டாலா மக்ராண்ட்ரா. தென்மேற்கு இந்தியாவின் ஈர நிலத்துச் செடி. ஊரில் காசில்லாமல் முளைக்கும். கண்ணாடிக்குள் வந்ததும் அதற்கு ஜமீன் தோரணை வந்துவிடுகிறது; கேஸ் கொஞ்சம் குறைந்தால் இலை சுருங்கும், அடித்தண்டு அழுகும், சிவப்பு வெளுத்துப்போகும்.

சித்தப்பா கிளம்பும்போது கேட்ட கேள்விதான் முக்கியம். "செடிக்கு சரி. இந்தக் காத்து மீனுக்கு ஒத்துக்குமாடா? விடியக்காலைல குளத்துல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துச்சுன்னா நாங்க சும்மா இருக்க மாட்டோம். மோட்டாரப் போட்டு ஒசரத்துலேந்து தண்ணியக் கொட்ட வுடுவோம். மோட்டார் இல்லேன்னா நாலு பசங்கள எறக்கிக் கலக்கச் சொல்லுவோம்."

பிளான்டட் டேங்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கற்றுக்கொள்வது அவ்வளவுதான். விளக்கு எரியும்போது கரியமில வாயுவைத் தின்று ஆக்சிஜன் விடும் செடி, விளக்கு அணைந்ததும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுத்து கரியமில வாயுவை விட ஆரம்பிக்கிறது. குளத்தில் அது விடிகிற நேரத்தில் உச்சத்துக்கு வரும். தொட்டியில் ராத்திரியும் கேஸ் ஓடினால் விடியும்வரை காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. ஆகவே கேஸ் விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் திறக்க வேண்டும். விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூட வேண்டும். ராத்திரி ஒரு ஏர் ஸ்டோன் கொப்பளித்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பைத்தியத்துக்கு வயது 250க்கு மேல். ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் 1767இல் லீட்ஸ் நகரத்தில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நுரைக்கும் தொட்டிக்கு மேலே நின்ற வாயுவைத் தண்ணீரில் ஏற்றிக் குடித்துப் பார்த்தார். அதுதான் சோடா. சில வருஷம் கழித்து, 1771இல், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தால் காற்று திரும்ப நன்றாகிவிடுகிறது என்றும் கண்டுபிடித்தார். சோடாவும் செடியும் ஒரே ஆளுடைய கண்டுபிடிப்பு. இரண்டையும் ஒரு தொட்டியில் போட்டு நடுவில் மீனை விடலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஜீவகாருண்யம் என்று சொல்ல வழியில்லை. ஜாடிக்குள் எலியை விட்டுப் பார்த்தவர்தான். மீன் எப்படியோ தப்பியது.

தப்பாமல் போனது தகாஷி அமானோ காலத்தில். ஜப்பானியர், புகைப்படக்காரர், அதற்கு முன்னால் சைக்கிள் பந்தய வீரர். தொட்டிச் செடி சரியாக வளரவில்லையே என்று சோடாத் தண்ணீரை ஊற்றிப் பார்த்ததில்தான் அவருடைய வழி தொடங்கியது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. அங்கிருந்து தொட்டிக்குள் காடும் மலையும் புல்வெளியும் வந்தன. 2015இல் இறப்பதற்கு முன் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு 1,60,000 லிட்டர் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டடித் தொட்டிக்காரன் எவனும் சும்மா இருக்க மாட்டான்.

சிலிண்டர் வாங்க வசதியில்லாத நாளில் எல்லோரும் ஈஸ்ட் பாட்டிலில் தொடங்குவார்கள். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். மூடியில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகினால் பிரீஸ்ட்லியின் பக்கத்துவீட்டு ஆலை நம் கூடத்துக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வாசனையும் வரும். "வீட்ல கள்ளு எறக்கறியாடா?" என்று அம்மா கேட்டது அந்தக் காலத்தில். மீன் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பாட்டிலில் இருக்கும் கோளாறு வேறு: அதற்குக் குழாய்த் திருகு கிடையாது. ஈஸ்டுக்குப் பகல் ராத்திரி தெரியாது. வெயில் ஏறினால் அதற்கு உற்சாகமும் ஏறும். சென்னைக் கோடையில் மத்தியானம் அது விடுகிற வேகத்தை யாரும் கட்டுப்படுத்த முடியாது. விலை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறவர்கள் நிறைய.

இப்போது மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்பது ரயில்வே கொடுத்தது. அவர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது கூடத்தில் செய்தித்தாளை வாசித்துவிட்டுத் தொட்டியை வாசிக்க ஆரம்பித்தார்.

"மாப்ள, இதுல ஒரு விஷயம் புரியல. செடி முத்து முத்தா ஆக்சிஜன் விடுது. கண்ணால பாக்கறேன். அப்புறம் மீனுக்கு எப்படி மூச்சு முட்டும்?"

நல்ல கேள்வி. முத்து முத்தாக என்று அவர் சொன்னதும் சரி. தண்ணீரால் இனி கரைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஆக்சிஜன் சேர்ந்ததும் இலை நுனியில் குமிழி கோக்கும். 1779இலேயே யான் இங்கன்ஹவுஸ் நீர்ச்செடியை வெயிலில் வைத்து இதைப் பார்த்திருக்கிறார். தொட்டிக்காரர்கள் 'பேர்லிங்' என்று சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பி, ஒருவரையொருவர் தூங்கவிடாமல் செய்கிறார்கள். அந்தக் குமிழியைப் பார்த்து மீன் சௌக்கியம் என்று முடிவு கட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிவிட்டு இடம் பிடிப்பதில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் ஏகமாக இருக்க முடியும். மீனின் ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு செவுள் வழியாக வெளியே போக வேண்டுமென்றால் வெளியே அது குறைவாக இருக்க வேண்டும். வெளியே நிறைந்திருந்தால் உள்ளதும் தங்கிவிடும், ரத்தம் புளிக்கும், புளித்த ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி தளரும். 1904இல் கிறிஸ்டியன் போர் கண்டறிந்தது இது. அணுவுக்குப் பேர்போன நீல்ஸ் போரின் அப்பா. மனிதரைவிடப் பல மீன்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கடுமை.

மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தீபாவளிக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம மாம்பலம் ஸ்டேஷன்" என்றார். "பிளாட்பாரம் ரொம்பி நிக்குது. வண்டி வந்து நின்னா உள்ள இருக்கறவன் எறங்க முடியாது. அவன் எறங்காம இவன் ஏற முடியாது. வண்டி கெளம்பிடும். அதானே?"

அதேதான்.

மூச்சு முட்டும் மீனைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குத் தடையாக இருப்பது பாசம். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான்: பசி. டப்பாவைத் திறந்து ஒரு பிடி தூவுவாள். தின்னாத தீனி அடியில் அழுகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அதை அழிக்கும் கிருமிகள் தின்றுவிடும். வித்தியாசம் இதுதான்: பசித்த மீன் ஆள் நிற்கும் பக்கம் வரும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். மூச்சு முட்டும் மீனுக்கு நீங்கள் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. ஃபில்டர் தண்ணீர் விழும் மூலையில், மேல்மட்டத்தை ஒட்டி, செவுள் படபடக்க நிற்கும். அதற்கும் முன்னாலேயே அறிகுறி உண்டு. இறால் மேயாமல் நிற்கும். கூட்டமாகப் போகும் நியான் டெட்ரா கலைந்து ஆளுக்கொரு பக்கம் நிற்கும். நிறம் வெளுக்கும். அந்தக் கட்டத்திலேயே கேஸை மூடி, ஏர் ஸ்டோனைப் போட்டு, ஃபில்டர் வாயைத் தூக்கித் தண்ணீர் சலசலக்க விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பாதித் தண்ணீர் மாற்றினால் இன்னும் விரைவு. ஆனால் மெட்ரோ தண்ணீரை அவசரத்தில் குளோரினோடு அப்படியே ஊற்றினால், ஒன்றிலிருந்து காப்பாற்றி இன்னொன்றுக்கு ஒப்படைத்த கதைதான்.

விரால், பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கும். அவற்றைத் தொட்டியில் விட்டால் இவ்வளவு கவலை இல்லை. "வெரால் வாங்கி விட்டிருந்தா ஏதாவது ஆனாலும் கொழம்பு வெச்சிருக்கலாம்" என்பது அம்மாவின் நிலையான அபிப்பிராயம்.

கண்ணால் பார்ப்பதற்குத் துணையாக டிராப் செக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. தொட்டிக்குள் ஒட்டி வைக்கும் குட்டிக் கண்ணாடிக் குமிழ். அதற்குள் காரத்தன்மை அளந்து செய்த தண்ணீரும் புரோமோதைமால் நீலம் என்ற சாயமும் இருக்கும். கேஸ் குறைவு என்றால் நீலம், சரியாக இருந்தால் பச்சை, மிஞ்சிவிட்டால் மஞ்சள். குழந்தைக்கும் புரியும் என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்பார். மனைவிக்குப் புரியவில்லை, காரணம் அவளுக்கு நிறங்கள் தெரியும்.

"பச்சைன்னா எந்தப் பச்சை? காலைல மயில்கழுத்து. பதினோரு மணிக்கு ராமர் பச்சை. இப்ப கிளிப்பச்சை. இதுல எது சரி?"

"கிளிப்பச்சைக்குக் கொஞ்சம் முன்னாடி."

"கிளிப்பச்சைக்கு முன்னாடின்னு ஒரு நெறம் கெடையாதுங்க. எலுமிச்சைக்குப் போகப்போகுது. அத எழுதி வெச்சுக்கோங்க."

அவள் கண் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. ஆனால் கருவியே மெதுவானது. தண்ணீரிலிருக்கும் வாயு நடுவில் இருக்கும் காற்றிடைவெளியைத் தாண்டிச் சாயத்துக்குப் போய்ச் சேர ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். அது மஞ்சளாகும் நேரத்தில் மீன் மேலே வந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதற்குள் தொட்டித் தண்ணீரையே ஊற்றி வைப்பவர்களும் உண்டு. அப்போது அது காட்டுவது வெறும் அலங்காரம். பி.எச். மீட்டர் இதைவிடச் சுறுசுறுப்பு. கேஸ் ஏறினால் தண்ணீர் புளிக்கும். காலையில் கேஸ் திறக்கும் முன் பார்த்த பி.எச். மத்தியானம் ஒன்று இறங்கியிருந்தால் வாயு பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 3இல் தொடங்கினால் 30. பெரும்பாலான மீன்களுக்கு எல்லைக்கோடு அந்தப் பக்கம்தான். அதற்கு மேல் போவதை நான் வீரம் என்று சொல்ல மாட்டேன்.

மாமனார் சாயத்தையும் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. ஸ்டாண்டின் கதவைத் திறந்து, கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்டார். "கரண்ட் போனா இது எந்தப் பக்கம் விழும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பழைய கைகாட்டி சிக்னலுக்குக் கேபினிலிருந்து கம்பி போகும். கம்பி அறுந்துபோனால் கை தானாக 'நில்' நிலைக்குப் போய்விட வேண்டும். எடைக்கல்லை அதற்கென்றே தொங்கவிட்டிருப்பார்கள். எது பழுதானாலும் வண்டி நிற்கும் பக்கமாகத்தான் பழுதாக வேண்டும். "உங்க சாமான்ல எது எப்படின்னு சொல்லுங்க."

பார்க்கப்போனால் சோலனாய்டு வால்வு ஒழுங்கு. மின்சாரம் இருந்தால் காந்தம் இழுத்துத் திறக்கும், போனால் ஸ்பிரிங் மூடிவிடும். ஆகவே தேர்ச்சி. ஃபில்டர் தேறவில்லை, மின்சாரம் போனால் அது நிற்கும், தண்ணீர் அசையாது. இரண்டும் சேர்ந்து நின்றால் கொஞ்ச நேரம் தாங்கும். இந்த இடத்தில் மாமனார் ஸ்விட்ச் போர்டைப் பார்த்து, "இதுல இன்வெர்ட்டர் எது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. மெயினை அணைத்துப் பார்த்தோம். வீட்டுக்கு வயரிங் செய்த புண்ணியவான் கூடத்தில் இடது பிளக்கை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டிருந்தார். இடது பிளக்கில் இருந்தது கேஸ். வலது பிளக்கில் ஃபில்டர். கரண்ட் போனால் ஃபில்டர் நிற்கும், கேஸ் மட்டும் மங்களகரமாகத் தொடர்ந்து போகும்.

"இது ஆக்ஸிடென்ட் ஆகறதுக்குன்னே போட்ட லைன்" என்றார் மாமனார். அன்றைக்கே ஃபில்டர் இன்வெர்ட்டருக்கு வந்தது, கேஸ் வெளியே போனது. மின்சாரம் நின்றால் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ரிலீவர்'.

அடுத்து டைமர். பல் பல்லாகச் சக்கரம் சுற்றும் மலிவு டைமர். மின்சாரம் போகும்போதெல்லாம் அதன் கடிகாரமும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மே மாதத்தில் ஒவ்வொரு மின்வெட்டும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளும். நாள் போகப்போக 'மாலை' என்பது ராத்திரி ஒன்பது மணிக்கு வரும். விளக்கு இன்வெர்ட்டரில் சரியான நேரத்துக்கு அணைந்திருக்கும். கேஸ் மட்டும் இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் சில நூறு ரூபாய் கூடுதல், அவ்வளவே. மாமனார் பழையதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்து, "லேட் ரன்னிங்" என்று சொல்லிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

கோடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைத்துக்கொள்ளும்; 32 டிகிரியில் அது சுமார் 7.3தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சின் தேவை கூடும். வரவு குறைந்து செலவு கூடும் மாதம் அது. மார்கழியில் பிசகில்லாமல் ஓடிய குமிழி எண்ணிக்கை சித்திரையில் ஆளைக் கொல்லும், ஒரு திருகைக்கூட யாரும் தொடாமலேயே. சிலிண்டருக்கும் இந்த ஊர் ஒத்துவராது. 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயுவுக்குத் திரவம், ஆவி என்ற பேதமே போய்விடும். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஜன்னலோர வெயிலில் வைக்கக் கூடாது, படுக்கப் போடக் கூடாது. ஏ.சி. போட்டு அடைத்த சின்ன அறையில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. இரண்டு கிலோ வாயு மொத்தமாகக் கசிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் விரியும், அப்புறம் மீன் மட்டும் வாய் திறக்காது.

இன்னொரு ரகசியம் சோடா கம்பெனிக்காரர் சொன்னது. எங்கள் சிலிண்டரை அங்கேதான் நிரப்புகிறோம், போன முறை "எந்த ஏரியால சார் கடை?" என்று கேட்டார். "முள்ளப் பாத்து ஏமாறாதீங்க. உள்ள லிக்விட் இருக்கற வரைக்கும் முள் அசையாது. அசஞ்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம். எட போட்டுப் பாருங்க." சில மலிவான ஒற்றைக் கட்ட ரெகுலேட்டர்களில் அந்த முடிவு நேரத்தில்தான் வில்லங்கம். சிலிண்டர் அழுத்தம் விழ விழ வெளியே வரும் அழுத்தம் ஏறும். கடைசி மூச்சை மொத்தமாகத் தொட்டிக்குள் கொட்டிவிட்டுத்தான் சிலிண்டர் கண்ணை மூடும். இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் வாங்கலாம். இல்லையேல் முள் இறங்க ஆரம்பித்த அன்றே கழற்றிவிடலாம். அரிசி நிறுக்கும் தராசில் சிலிண்டர் ஏறுவதை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்துக்குக் கைகள் இரண்டு, சட்டை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தொட்டி முன்னால் வந்து உட்காரும். செடி நன்றாகத்தான் இருக்கும். மீன் நன்றாகத்தான் இருக்கும். "இன்னும் கொஞ்சம்" என்று அதற்குத் தோன்றும். நீடில் வால்வின் நாப் ஒரு நெல்லளவு திரும்பும். குமிழி ஒரு விநாடிக்கு இரண்டிலிருந்து மூன்றாகும். பிறகு அந்தக் கைகள் படுத்துத் தூங்கிவிடும்.

கொளத்தூர் மீன் சந்தையில் நான் வாங்கும் கடை அண்ணன் இதை வேறு மாதிரி சொல்வார். "சார், மீன் செத்துப்போச்சுன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் ரெண்டு வார்த்த சொல்லுவாங்க. 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு.' நேத்து என்ன பண்ணீங்கன்னு கேட்டா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க." அவருடைய சட்டம் எளிது. நாபைத் தொடுவதானால் காலையில் தொட வேண்டும், அன்றைக்கு முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். கேஸ் திறந்த முதல் ஒரு மணி நேரத்தையும் விளக்கு அணையும் முன் கடைசி ஒரு மணி நேரத்தையும் மீன் முகத்தைப் பார்த்தே கழிக்க வேண்டும். ஒரு மாற்றம் செய்தால் அடுத்த மாற்றத்துக்குச் சில நாள் பொறுக்க வேண்டும். புது மீன் வந்த அன்று கேஸே வேண்டாம். ஊருக்குப் போவதென்றால் நிறுத்திவிட்டு, விளக்கு நேரத்தைப் பாதியாக்கிவிட்டுப் போக வேண்டும். செடி ஒரு வாரம் பட்டினி கிடக்கும், மீன் ஒரு மணி நேரம் மூச்சுப் பிடிக்காது. தண்ணீர் மேலே அசைந்தால் கேஸ் வீணாகப் போய்விடும் என்று பலர் குளத்தை உறங்கவைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதற்கும் சிரிப்பார். "போனா போவுது சார், சோடா கேஸ்தானே. மேல ஏடு படிஞ்சா மீனு போயிடும், அது என்ன வெல?"

நாங்கள் திருச்செந்தூர் போகும்போது இந்தச் சட்டப்படி கேஸை நிறுத்தப் போனேன். மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் இல்லாத ஸ்டேஷனைத்தான் மூடுவாங்க. நான் இருக்கேன்ல?" அப்படியென்றால் சார்ஜ் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். எண்ணிக் கொடுக்கச் சொன்னார். டெட்ரா ஓடிக்கொண்டே இருக்கும் சாதி, நின்று தலை எண்ணக் கொடுக்காது. பேத்தியை உட்காரவைத்து இருவருமாக எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நீள நோட்டில் கோடு போட்டுப் பதிவேடு தயாரானது. கடைசியாக பேத்தியின் பிளாஸ்டிக் வளையல் ஒன்றை வாங்கி நீடில் வால்வின் நாபில் மாட்டினார். கேபினில் எந்த லீவரை இழுக்கக் கூடாதோ அதன் கழுத்தில் ஒரு வளையம் போட்டு வைப்பார்களாம். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் வளையம் கழற்றாமல் தொட முடியாதாம். "இது யாருக்கு மாமா? நாங்கதான் ஊருக்குப் போறோமே" என்றேன். "திரும்பி வருவீங்கல்ல மாப்ள" என்றார்.

திரும்பி வந்தோம். மீன் எல்லாம் சௌக்கியம். ரோட்டாலாவின் சிவப்பு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் அடக்கம். பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன்.

'06.10 - விளக்கு இல்லை. கேஸ் இல்லை. டெட்ரா யாவும் கீழ்மட்டத்தில். சுவாசம் இயல்பு.

'12.40 - மின்தடை. கேஸ் தானாக நின்றது. ரிலீவர் பொறுப்பேற்றது.

'13.05 - மின்சாரம் வந்தது. இறால் ஒன்று காணவில்லை.

'13.20 - மேற்படி இறால் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது. தோல் உரித்திருக்கிறது. வேறு புகார் இல்லை.

'17.00 - மேல்தளத்துப் பெரியவர் வந்து பார்த்தார். தீனி போட முயன்றார். அனுமதி மறுக்கப்பட்டது.'

அப்படியே பக்கம் பக்கமாக. அவர் ஊருக்குத் திரும்பும் வரை எழுதினார், நாங்கள் வீட்டில் இருந்த நாட்களுக்கும் சேர்த்து. நோட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கீழ், இப்படி இருந்தது:

'14.20 - மாப்பிள்ளை நாப் அருகே காணப்பட்டார். வளையல் பாதி கழன்ற நிலையில். விசாரித்ததில் தூசி துடைத்ததாகச் சொன்னார். தூசி இல்லை.'